பெட்ரோல் மூடியில் வைத்த குறி

போன வாரம் தஞ்சாவூரில் கரந்தையைத் தாண்டி வெண்ணாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கார் நின்றுவிட்டது. பதினைந்து வருஷத்துக் கார், நான் மூன்றாவது கை. முதல் ஆள் ஏன் விற்றார், இரண்டாவது ஆள் ஏன் விற்றார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்தி அழுத்தி என் மேலிருந்த கோபத்தைத் தீர்த்துக்கொண்டார். போன் போட்டதில் அரை மணி நேரத்தில் ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தார். பானெட்டைத் திறப்பார், கையை உள்ளே விடுவார் என்று பார்த்தால், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாமானை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சென்சார் போயிருக்கு சார்" என்றார். நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் நம்புவதற்குத்தான் காரணம் கேட்பார்கள். அவர் பாட்டுக்குப் பையிலிருந்து எதையோ எடுத்து மாட்டினார், வண்டி ஓடியது.

சாவியை அவர் என் கையில் கொடுத்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். குனிந்து அவர் விரலை முகர்ந்து பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார். "என்ன சார், குடிச்சிட்டு வந்திருக்கேனான்னு பாக்குறீங்களா?" என்று கேட்டார். சளி, மூக்கடைப்பு என்று ஏதோ உளறினேன். விரலில் பெட்ரோல் வாசனை துளியும் இல்லை, எலுமிச்சை சோப்பு வாசனைதான். கார் ரிப்பேர் செய்த கையில் சோப்பு வாசனை வந்தால் சந்தேகப்படுவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் வீடு வந்து சேரும் வரை எனக்கு வேறொரு கைதான் நினைவில் இருந்தது. எப்போது முகர்ந்தாலும் பெட்ரோல் அடித்த கை. அந்த வாசனையை வைத்துத்தான் நாங்கள் ஒரு மனிதரைத் திருடன் என்று முடிவு கட்டினோம்.

வேலாயுதம் என்று பெயர். மாயவரத்துக்குப் பக்கத்துக் குத்தாலத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வருஷம் கார் ஓட்டினார். ஊர் நாகப்பட்டினத்துப் பக்கம், கடற்கரைக் குப்பம். அண்ணன் தம்பிகள் நாலு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் போட்டில் ஏறினால் தலை சுற்றும், வாந்தி வரும். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவருக்கு இதைவிட அவமானம் வேண்டாம். ஊரில் கேலி தாங்காமல் கரையிலேயே உட்கார்ந்து விசைப்படகு இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். அப்புறம் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வயல்காட்டுக்கு வந்துவிட்டார். "தண்ணிதான் தம்பி எனக்கு ஆவாது" என்பார். வந்து சேர்ந்ததோ காவிரிக் கரையில். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாலுக்கா ஆபீசில் தற்காலிக எழுத்தர் வேலை. கடிதம் எழுதத் தெரியும் என்கிற பவிசு தலைக்கு மேல் ஏறியிருந்த காலம்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர், கை நீட்டி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஆனால் எதையும் நம்ப மாட்டார். பாலை முகர்ந்து பார்ப்பார், தராசைத் தூக்கி அடியில் பார்ப்பார், பூட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். "உங்கப்பா தன் நிழல் பின்னாடி வந்தாலே யாருன்னு கேப்பாரு" என்று அம்மா சொல்லுவாள். அதைக் கேட்டும் அப்பா, இவள் யாரிடம் இதைப் பழகினாள் என்றுதான் யோசித்திருப்பார். எனக்கு அவருடைய மூக்கும் அந்தக் குணமும் வந்திருக்கின்றன. மயிர் மட்டும் அம்மா வழி.

கார் அவர் ஆசையாக வாங்கியது. வெள்ளைக் கார், கார்பரேட்டர் காலத்து வண்டி, எங்களிடம் வரும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. வெயிலில் நின்றால் உள்ளே ரெக்ஸின் வாசனை குமட்டும். உள்ளூரில் ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. தூரப் பயணம் என்றால் கீழ்வேளூர்தான். அம்மாவின் சீதன நிலம் அங்கே இருந்தது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அப்பா போய் நிற்பார். குத்தகைக்காரரை நம்ப மாட்டார் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேலாயுதத்தை மட்டும் ஏனோ முதல் இரண்டு வருஷம் நம்பினார். எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. கெடுத்தது திருவிடைமருதூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் டிரைவர் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அப்பா சொல்லியிருக்கிறார். "கடற்கரை ஆளா? பெட்ரோலைப் பாத்துக்குங்க. அவங்க ஆளுங்க போட்டுக்கு எண்ணெய் வேணும்ல" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் பாயசத்தை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். போட்டு ஓடுவது டீசலில், எங்கள் கார் ஓடுவது பெட்ரோலில் என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அன்றைக்குத் திரும்பி வரும்போதே அப்பா பின் சீட்டில் முன்னால் சாய்ந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பழைய கார்களில் அந்த முள் மேட்டில் ஏறினால் ஒன்று காட்டும், பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்று காட்டும். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

இங்கே நெல்லுக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போதெல்லாம் களத்தில் அடித்துத் தூற்றிய நெல்லை அன்றே அளந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாவிட்டால், குவியலாகக் கூட்டி அதன் மேல் சாணியைக் கரைத்துக் கோடு இழுத்து வைப்பார்கள். சாணிக்குறி. காய்ந்த பிறகு யாராவது ஒரு கை நெல் அள்ளினாலும் சரிந்து கோடு கலைந்துவிடும். காலையில் வந்து பார்த்தால் தெரிந்துபோகும். காவலுக்கு ஆள் போட்டால் அந்த ஆளைக் காவல் காக்க வேண்டும். சாணிக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்பா தன் கையாலேதான் குறி வைப்பார். கோடு கூடுகிற இடத்தில் விரலிலிருந்த பச்சைக்கல் மோதிரத்தை ஒரு அழுத்து அழுத்துவார், அதே மாதிரி வேறு யாரும் வைத்துவிடக் கூடாது என்று.

அந்தக் குறியை அவர் காரின் பெட்ரோல் மூடியில் வைத்தார்.

பூட்டு மூடி கிடைக்குமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். பூட்டுக்கு மாற்றுச் சாவி போட முடியும், சாணிக்கு முடியாது என்றார். முதலில் வெறும் சாணிப்பால்தான் தடவினார். ரோட்டில் வண்டி குலுங்கியதில் அது பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. உடனே, "பாத்தியா, எடுத்திருக்கான்" என்றார். பிறகு வாய்க்கால் களிமண்ணையும் சாணியையும் சேர்த்துக் குழைத்து மூடி முழுக்க அடை மாதிரி அப்பி நடுவில் மோதிரத்தை அழுத்தி வைத்தார். நம் ஊர்க் களிமண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காய்ந்தால் கடப்பாரை கேட்கும். பெட்ரோல் போட வேண்டுமென்றால் அவரே பங்கில் இறங்கிச் சுரண்டி எடுப்பார், வீட்டுக்கு வந்ததும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்ப் புதிதாக அப்புவார். வேலாயுதத்திடம் அது என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த கீழ்வேளூர்ப் பயணத்தில் கார் நின்றது. மாயவரம் தாண்டி, பேரளம் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத வயல்வெளியில் இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிவிட்டது. வேலாயுதம் இறங்கி பானெட்டைத் தூக்கினார். அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கும், வாய்க்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு செய்வார். பிளக் ஒயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து என்னைச் சாவி போடச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது. "கரண்டு இருக்கு தம்பி." அடுத்து கார்பரேட்டருக்குப் போகிற குழாயைப் பிடுங்கி பம்பைக் கையால் அடித்துப் பார்த்தார். சொட்டுக்கூட வரவில்லை. "பெட்ரோல் ஏறல." முள் முக்கால் டேங்க் காட்டுகிறது, பெட்ரோல் ஏறவில்லை. டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாயை வைத்து மூச்சுப் பிடித்து ஊதினார். பின்னால் டேங்க்குக்குள் கொடகொடவென்று சத்தம் கேட்டது. மாட்டினார், இரண்டு முறை சுற்றினதும் பிடித்துக்கொண்டது. குழாயில் கசடு அடைத்திருக்கும் ஐயா, ஊதினதில் போய்விட்டது என்றார். வாயெல்லாம் பெட்ரோல். துப்பிக்கொண்டே ஓட்டினார்.

ஒரு தடவை என்றால் கசடு. அடுத்த பயணத்திலும் பேரளம் தாண்டியதும் நின்றது. அதற்கடுத்த பயணத்திலும் அதே இடம், மிஞ்சிப்போனால் ஒரு மைல் முன்னே பின்னே. மாயவரத்தில் பட்டறைக்கு விட்டோம். மெக்கானிக் டேங்க்கைக் கழுவ வேண்டும் என்றதும் அப்பா பக்கத்தில் நின்று குறியைத் தன் கையால் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். பம்பை மாற்றினார்கள், குழாயை மாற்றினார்கள். வீட்டுக்கு வரும் வரை வண்டி குதிரை மாதிரி ஓடியது. வந்ததும் அப்பா புதுக் குறி வைத்தார். மறுவாரம் பேரளம் தாண்டி நின்றது. "பட்டறைக்காரன் கையில ஓடுது, இவன் கையில நிக்குது. இவனே நிறுத்துறான், இவனே எடுக்குறான்டா" என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் பட்டது. வாயை வைத்து ஊதினால் ஓடுகிற கார் உலகத்தில் எங்காவது உண்டா?

எதற்காக நிறுத்துகிறான் என்பதற்கும் காரணம் கிடைத்தது. கார் நிற்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு டீக்கடை. கடை வைத்திருந்த அம்மாள் நாலாவது தடவை எங்களைப் பார்த்ததும் வேலாயுதத்திடம், "என்னண்ணே, இன்னிக்கும் நின்னுடுச்சா" என்று கேட்டுவிட்டாள். பாவம், நாலு தடவை அங்கேயே நின்றால் யார்தான் கேட்க மாட்டார்கள்? அப்பா என் தொடையைக் கிள்ளினார். அவளுக்கு இவனை எப்படித் தெரியும் என்றார். கடைக்குப் பின்னால் தகர டின்கள் அடுக்கியிருந்தன. அதைக் கண்ணால் காட்டினார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் டின்னை முகர்ந்துவிட்டு வந்தேன். கடலை எண்ணெய்.

அன்றிலிருந்து நான் துப்பறியத் தொடங்கினேன். சம்பளமில்லாத உத்தியோகம், ஆனால் தாலுக்கா ஆபீசைவிட அதில்தான் கண்ணும் கருத்துமாக இருந்தேன். பேப்பர் படிப்பது மாதிரி காரிலேயே உட்கார்ந்து அவரை வேவு பார்ப்பேன். அவர் டீக்கடையிலிருந்து எனக்கு ஒரு வடையைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். வடையை வாங்கும்போதே கையை முகர்ந்துகொள்வேன். பெட்ரோல். எப்போதும் பெட்ரோல். ஊதி ஊதி, பிடுங்கிப் பிடுங்கி அந்த மனிதருக்கு வேறென்ன வாசனை வரும் என்று அப்போது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். சந்தேகப்பட்டு ருசி கண்ட மூக்கு அப்படித்தான். அந்த வடையையும் தின்றேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தினமும் காலையில் வண்டியைத் துடைத்து முடித்ததும் வேலாயுதம் பின்பக்கம் போவார். சுற்றுமுற்றும் பார்ப்பார். பெட்ரோல் மூடி மேல் அப்பியிருந்த குறியை இரண்டு விரலால் தொடுவார். தொட்டுவிட்டு ஏதோ செய்வார், அது எனக்குத் தெரியாமல் முதுகு மறைத்துவிடும். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "ஈரமா இருக்கான்னு பாக்குறான். இருந்தா சுரண்டிட்டுத் திரும்ப அப்பிடலாம்ல" என்றார். அதன் பிறகு அடை இன்னும் கனமாயிற்று. முற்றத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் காரை நிறுத்திக் காயவைத்த பிறகுதான் சாவி கொடுப்பார்.

இந்த லட்சணத்தில்தான் வேலாயுதம் ஒரு நாள் அப்பாவிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தஞ்சாவூரில் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். நிரந்தர வேலை, காக்கிச் சட்டை. மூன்று வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் வேண்டுமாம். அவருக்கு ஒரே மகள், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். குப்பத்தில் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. வேலை கிடைத்தால் தஞ்சாவூரில் ஒரு அறை பிடித்து அவளை மேலே படிக்க வைக்கலாம், இல்லையென்றால் மீன் காயவைக்கப் போய்விடுவாள். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொன்னார், வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் மாதிரி. அப்பா என்னைப் பார்த்து, "நீயே எழுதுடா" என்றார்.

எழுதினேன். அழகான கையெழுத்து எனக்கு. மூன்று வருஷமாக எங்களிடம் வேலை பார்த்தார், வாகனத்தை நிதானமாக ஓட்டுவார், குடிப்பழக்கம் இல்லாதவர், மிகவும் நாணயமானவர். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து வந்தவர் கடைசி வார்த்தையில் விரலை வைத்தார். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். இந்த இடத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆபீசில் தலைமை எழுத்தர் எனக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார். ஒருவன் சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுதக் கூடாது, வம்பு. நாணயம் என்கிற வார்த்தையை விட்டுவிட வேண்டும், படிக்கிறவன் புரிந்துகொள்வான். அந்த வித்தையைக் காட்ட எனக்கு அதுவரை வாய்ப்பு வந்ததில்லை.

"அதை எடுத்துடலாம்ப்பா. புரிய வேண்டியவங்களுக்குப் புரியும்" என்றேன்.

புதிதாக எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டாமல் கொடுத்தோம். வேலாயுதம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அவர் ஐந்தாவது வரை படித்தவர், பேப்பர் படிப்பார். படித்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் வைத்துக்கொண்டு போனார்.

தஞ்சாவூர் போய் வந்தவர் சொல்லி அனுப்புகிறார்களாம் என்றார். சொல்லி அனுப்பவில்லை. ஒரு மாதம் கழித்து அப்பா, காரை விற்கப் போகிறேன், இனிமேல் டிரைவர் தேவையில்லை என்று அவரிடம் சொன்னார். விற்கிற எண்ணமெல்லாம் கிடையாது. வேலாயுதம் போகும்போது காரை ஒரு தடவை சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போனார். அவர் பஸ் ஏறியதும் அப்பா நேரே போய்க் குறியைத்தான் பார்த்தார்.

அந்தத் தை மாதம் கீழ்வேளூரில் அறுப்பு. நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து நானே ஓட்டினேன். ஆளும் இல்லை, இனிக் குறி எதற்கு என்றதற்கு, பங்கில் இருக்கிறவன் என்ன யோக்கியனா என்று கேட்டு வழக்கம்போல் அப்பியிருந்தார். பேரளம் தாண்டியது. இரண்டு இருமல். கார் நின்றது.

அப்பா என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு விநாடி அவர் என்னைத்தான் சந்தேகப்பட்டார். எனக்கு ஊதுகிற வித்தை தெரியாது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தேன். முள்ளை நம்பாமல் டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று பின்னால் போனேன். குறியைக் கலைக்காதே, குறி அப்படியே இருக்கும்போது பெட்ரோல் எங்கே போகும் என்று அப்பா தடுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெயிலில் நிற்கிறவன் நான். சாவியால் களிமண்ணைத் தட்டி உதிர்த்துவிட்டு மூடியைத் திருகினேன். முதலில் வரவில்லை, யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் திருகியதும் உஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்று உள்ளே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. சாவியைப் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் கார் பிடித்துக்கொண்டது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை. அதில் களிமண் ஏறி ஆணி அடித்த மாதிரி இறுகியிருந்தது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வராது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். டேங்க்குக்கு அந்த இரண்டாவது ஓட்டை இதுதான். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வேண்டும். அதை நாங்கள் அடைத்துவிட்டோம். உள்ளூரில் பத்து நிமிஷம் ஓட்டினால் தெரியாது, பேரளம் வரை வந்தால் தெரியும். குழாயில் வாயை வைத்து ஊதினால் அந்த வழியாகக் காற்றுப் போகும், ஓடும். பட்டறையில் மூடியைத் திறந்தால் ஓடும். வேலாயுதம் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அப்பா மூடியை வாங்கிப் பார்த்தார். உடையாமல் ஒட்டியிருந்த களிமண் துண்டில் மோதிரத்தின் அச்சு சரியாகத் துளைக்கு மேலே விழுந்திருந்தது. வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளை ஒடித்துத் துளையை அவரே குத்தித் திறந்துவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தைத் திரும்ப எழுதச் சொன்னார். "அந்த வார்த்தையைப் பெரிசா எழுது" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மட்டும் வா, வேறு எதையும் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். அப்பா சொன்னதிலேயே நான் கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

குப்பத்தில் விசாரித்துப் போனபோது வேலாயுதம் கரையில் ஏற்றி வைத்த ஒரு போட்டின் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். "வாங்க தம்பி, வாங்க. ஐயா நல்லாருக்காங்களா? வண்டி நிக்காம ஓடுதா?" என்று கேட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாயை உதறிப் போட்டார். அவர் மனைவி பக்கத்து வீட்டுப் பையனைக் கலர் சோடா வாங்கிவர அனுப்பினாள். தஞ்சாவூர் வேலை என்னவாயிற்று என்றேன். ஐயா நல்லாத்தான் எழுதிக் கொடுத்தார்கள், அதைப் படித்துவிட்டு அவர்கள் ஒன்றும் பேசவில்லை, நமக்குக் கொடுப்பினை இல்லை என்றார். மகள் வெளியே மணலில் மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் கடிதத்தைக் கொடுத்தேன். கொடுத்ததோடு எழுந்திருக்கலாம். மனதில் பாரம் இருந்தது, அதை இறக்கிவைக்க வேண்டும் போலிருந்தது. பெரிய வேடிக்கை சொல்வது மாதிரி துளை அடைத்த கதையைச் சொன்னேன்.

அவர் முதலில் சிரித்தார், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, மூடி! அதை நான்ல பாத்திருக்கணும். இன்ஜின் வேலை தெரிஞ்சவன்னு வெளிய சொல்லிக்கக் கூடாது" என்று தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு, "அதைச் சுரண்டுறதுக்கு எனக்கு மனசு வரல தம்பி. வண்டிக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு ஐயா கையால வச்சதுன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன். தெனமும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் வண்டி எடுப்பேன்" என்றார்.

பிறகு அவரே கேட்டார்: "அப்ப அது எதுக்கு வச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். கண்ணேறுதான் என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார். வாழ்க்கையில் எவ்வளவோ பொய் சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு நாள் எனக்கு வாயில் வரவில்லை. களத்து நெல், சாணிக்குறி என்று சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வந்து உட்கார்ந்து கடிதத்தைப் பிரித்து மெதுவாகப் படித்தார், உதடு அசைந்தது. கடைசி வரியில் நின்றார்.

"இந்த வார்த்தை முன்ன குடுத்ததுல இல்லையா?"

இல்லை என்றேன். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நான் பிரிச்சுப் பாக்கல தம்பி. நீங்க எழுதுனதுல அது இருக்கும்னுதான் நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கடிதத்தை மடித்து, "உள்ள வை" என்று மனைவியிடம் கொடுத்தார். நான் கலரைக் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, பஸ் வந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நான் ஏறியதும் திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் காரை அடுத்த வருஷம் அப்பா நிஜமாகவே விற்றுவிட்டார். அவரும் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழ்வேளூர் நிலத்தில் இப்போது மெஷின் இறங்கி அறுக்கிறது, நெல் நேரே டிராக்டரில் கொட்டிக்கொண்டு போய்விடுகிறது. குவித்து வைத்துக் குறி போட ஒரு மணி நெல்கூடக் களத்தில் கிடப்பதில்லை. களமே இல்லை, அங்கே செல்போன் கோபுரம் நிற்கிறது. பேரளம் தாண்டி டீக்கடை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல வருஷம் கழித்து ஒரு தடவை குப்பத்துக்குப் போய்க் கேட்டேன், அந்தக் குடும்பம் கேரளத்துப் பக்கம் படகு வேலைக்குப் போய் ரொம்ப நாளாகிறது, மகளையும் அங்கேயே கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அவளை எதுவரை படிக்க வைத்தார்கள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஆயிரக்கணக்கான பேருக்குக் காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் என் எதிரிலேயே பிரித்து ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். நான் எழுதியதைப் படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போக இன்னொரு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.